பன்னெண்டு வில்லை

இறங்கிப் பார்த்துட்டு வந்துட்டேன் தம்பி. அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லை. லாரி ரோட்டுக்குக் குறுக்கால படுத்துக் கெடக்குது, சிமெண்டு மூட்டை பூராவும் கீழே. தர்மபுரியிலேருந்து கிரேன் வந்தாத்தான் உண்டுங்கறான் போலீஸ்காரன். இந்தத் தொப்பூர் கணவாய்ல இது என்ன புதுசா? நமக்கு முன்னால நாலு பஸ்ஸு நிக்குது, நம்மளது அஞ்சாவது. உக்காருங்க. சன்னலோரம் வேண்டாம்னா மாறிக்கலாம், எனக்கு வெயில் பழக்கம்.

பெங்களூர்தானே போறீங்க? நானும் அங்கதான். ஒரு கடுதாசி குடுக்கணும், குடுத்துட்டு சாயங்காலமே திரும்பிருவேன். தபால்ல போடலாம்தான். ரெண்டு தடவை தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். சரி, நேர்லயே போயிருவோம்னு இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டேன்.

நமக்குச் சேலம், அம்மாபேட்டைப் பக்கம். மார்ச் மாசம் ரிட்டையர் ஆனேன். முப்பத்திநாலு வருசம் பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. மாதேஸ்வரன்னு பேரு, அங்க எல்லாருக்கும் மாதேஷ். எந்த ஆராய்ச்சிக்கூடம்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். ராக்கெட்டுல போற சாமான் செய்யற எடம், அவ்வளவு தெரிஞ்சா போதும்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. வழியனுப்பு விழா வச்சாங்க தம்பி. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடியாரம். கேண்டீன் ஆளுங்க, தோட்டக்காரரு, டிரைவருங்க எல்லாரும் வந்தாங்க. சதானந்தா சாரு, எங்க திட்டத்துக்கே தலைவரு, கன்னடக்காரரு, என்னைப் பத்திப் பத்து நிமிசம் பேசினாரு. ஒரு பொண்ணு மட்டும் வரலை. நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். "பாக்கறேன் சார்"னு சொல்லுச்சு. பாக்கறேன்னா வரமாட்டேன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா? மூணு வருசம் பக்கத்துல நின்னு வேலை பார்த்த பொண்ணு. எம் மக வயசு. மனசே விட்டுப் போச்சு.

பெனிட்டான்னு பேரு. மார்த்தாண்டத்துப் பக்கம். டாக்டர் பட்டம் வாங்கினது. கெட்டிக்காரி, அதுல சந்தேகமில்லை. நடந்ததைச் சொல்றேன், நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. கிரேன் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை நமக்கு?

நாங்க செஞ்சது ஒரு பொட்டி. செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். செவ்வாய்க் கிரகத்துல எறங்கற வண்டியில அதை மாட்டுவாங்க. அது பாறையைப் பார்த்து லேசர் அடிக்கும். அடிச்ச எடத்துல ஊசிமுனை அளவு கல்லு பொசுங்கி, மினுக்குனு ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துல என்னென்ன நெறம் இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா, கல்லுல என்னென்ன இருக்குன்னு சொல்லிரலாம். இரும்புக்கு ஒரு வரிசை, சுண்ணாம்புக்கு ஒரு வரிசை. சோடியத்துக்கு மஞ்சள். பழைய தெருவிளக்கு எரியுமே, அதே மஞ்சள். சோடியம்னா பயந்துக்காதீங்க, நாம திங்கற உப்புல இருக்கறதுதான்.

இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது, எவ்வளவுன்னு சொல்லணும். வெளிச்சம் இவ்வளவு பளிச்சுனு இருந்தா இத்தனை பங்குன்னு ஒரு கணக்கு வேணும். அங்க போனப்புறம் யாரு போயி சரிபாக்கறது? இங்கயே பண்ணியாகணும். என்ன இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச கல்லுங்களை வச்சு, அடிச்சு அடிச்சுப் பார்த்து, பொட்டியைப் பழக்கணும். தராசுக்குப் படிக்கல்லுன்னு வச்சுக்கோங்க. அந்தப் படிக்கல்லு செஞ்ச ஆளு நான்.

கல்லை ஒடைக்கணும், அரைக்கணும், சலிக்கணும். மாவுல ஒரு பங்கை வெளியில வேற ஒரு லேபுக்கு அனுப்பிருவோம். அதுல என்ன எவ்வளவு இருக்குன்னு அவங்க எழுதிக் குடுப்பாங்க. மிச்ச மாவை அச்சுல போட்டு அழுத்தினா வில்லை வந்துரும், கேரம் போர்டு காய்ல பாதி அளவு. மொத்தம் தொண்ணூத்தாறு வில்லை. அதைத் தட்டுல அடுக்கி, கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சு, காத்தை எல்லாம் உறிஞ்சிட்டு, செவ்வாயில இருக்கற மாதிரியே கரியமில வாயுவைக் கொஞ்சமா உள்ள விட்டு லேசர் அடிக்கறது பெனிட்டா வேலை. ஒரு வில்லைக்கு நூத்தம்பது அடி. நாளெல்லாம் டிக் டிக் டிக்குனு அந்தச் சத்தம்தான். வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சாலும் காதுல டிக் டிக்குனு கேக்கும்.

அதுல பன்னெண்டு வில்லை நம்ம சேலத்துப் பக்கத்துப் பச்சைக் கல்லு. அந்தக் கல்லுல சோடியம் இல்லைன்னே சொல்லலாம். அதுக்காகத்தான் அதை எடுத்தாங்க. தராசுல கீழ்க்கோடு எங்க இருக்குன்னு தெரியணும்ல? ஆனா பிடிவாதம் புடிச்ச கல்லு. எவ்வளவு அரைச்சாலும் மணலா நிக்கும், அழுத்தினா வில்லை ஆகாது. அச்சைத் தொறந்தா உதிர்ந்து கொட்டும். அதுக்குன்னு பிடிமானத்துக்கு ஒரு பொடி உண்டு, வெளிநாட்டுச் சரக்கு. அது தீர்ந்துபோச்சு. புது டப்பா வர மூணு வாரமாகும்னாங்க. திங்கக்கிழமை மேலேருந்து ஆளுங்க வந்து பாக்கறாங்க. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நம்ம ஒருத்தராலதான் எல்லாம் நிக்குதுன்னு சதானந்தா சாரு வாய்விட்டுச் சொல்லலை, ஆனா ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து அச்சை எட்டிப் பார்த்துட்டுப் போறாரு.

எனக்கு வயித்துப் புண்ணு தம்பி. டீ, காப்பி கூடாதுன்னுட்டாரு டாக்டரு. குக்கர் சோறும் ஒத்துக்காது. அதனால எங்க வீட்டுல பூங்கொடி, எம் சம்சாரம், சட்டியில வச்சுத்தான் வடிப்பா. வடிகஞ்சியை ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்துருவா. பதினோரு மணிக்கு மத்தவங்க டீ குடிக்கப் போவாங்க, நான் கஞ்சி குடிப்பேன். அன்னைக்கு மேஜையில ரெண்டு சொட்டு சிந்திருச்சு. தொடைக்கலாம்னு போனா விரல் ஒட்டுது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டா எப்படி நிக்குது?

புரிஞ்சிருச்சுங்களா? நீங்க சிரிக்கறதைப் பார்த்தா புரிஞ்சிருச்சு. ஒரு வில்லைக்கு ரெண்டு சொட்டுதான் விட்டேன். பிசைஞ்சு, அழுத்தி, சூட்டு அடுப்புல வச்சுக் காய வச்சேன். தம்பி, அந்த மாதிரி வில்லையை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. சுண்டினா கணீர்னு சத்தம். சதானந்தா சாரு கையில வச்சு உருட்டிப் பார்த்துட்டு, "மாதேஷ், உங்க கையில என்னமோ இருக்கு"ன்னாரு. பழக்கம்தான் சார்னு சொல்லிட்டேன். அவ்வளவு பேரு நிக்கறாங்க, எல்லாரும் அமெரிக்கா, ஜெர்மனி போய் வந்தவங்க. அங்க போயி என் பாட்டில்ல இருந்த கஞ்சின்னு எப்படிச் சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

பதிவேட்டுல பிடிமானப் பொருள்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல வழக்கமானதுன்னு எழுதினேன். பொய்யின்னு சொல்லாதீங்க. எனக்கு அது வழக்கமானதுதானே, தெனம் குடிக்கறது. சரி, அது கொஞ்சம் இழுத்துச் சொல்றதுதான், ஒத்துக்கறேன்.

பத்து நாள் கழிச்சு பெனிட்டா ஒரு தாளை எடுத்துக்கிட்டு வருது. "மாதேஷ் சார், இந்தப் பன்னெண்டுல மட்டும் சோடியம் ஏறி நிக்குது. வெளி லேபு இல்லைன்னு சொல்லுது, நம்ம வெளிச்சம் இருக்குன்னு சொல்லுது. நீங்க வேற ஏதாவது சேர்த்தீங்களா சார்?" எப்படிக் கேக்குது பாருங்க. முப்பத்திநாலு வருசத்துல என் வில்லையை ஒருத்தர் கொறை சொன்னதில்லை. இல்லைம்மான்னு சொன்னேன். கஞ்சியில என்ன இருக்கு? அரிசியும் தண்ணியும். அரிசியில இருக்கற கரி தெரியுமேன்னு கேட்டீங்கன்னா, கூண்டுக்குள்ளயே கரியமில வாயுதான் இருக்குது, அதுலேருந்து வர்ற கரியோட இதுவும் சேர்ந்துக்கும், தனியாத் தெரியாது. அதையெல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன். நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற ஆளில்லை.

நாலு நாள் கழிச்சு கேண்டீன்ல எதிர்ல வந்து உக்காந்துச்சு. தட்டுல கைகூட வைக்கலை. "சார், இதுக்குப் பதில் கெடைக்கலைன்னா மொத்தக் கணக்கும் தப்பாப் போயிரும். படிக்கல்லே தப்புன்னா அங்க போயி பொட்டி எல்லாக் கல்லுலயும் சோடியத்தைக் கம்மியாத்தான் சொல்லும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார்." இல்லைம்மா, நீ திரும்ப அடிச்சுப் பாருன்னேன். எனக்கு எரிச்சல்தான். அதுக்குள்ள லேபு முழுக்க ஒரு பேச்சு, மாதேஷ் வில்லையில ஏதோ கோளாறுன்னு. யாரு கெளப்பி விட்டது? அதுதானே?

அப்புறம் கம்மிட்டி போட்டாங்க. கார்த்திகை மாசம். மூணு பேரு, வெளியாளுங்க. அதுக்கு மொத நாள் சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், பின்னாலயே ஓடி வருது. மூச்சு வாங்குது. "சார், என்னவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் கணக்குல கழிச்சுருவேன். உங்களுக்கு ஒண்ணும் வராம பார்த்துக்கறேன்"ன்னுச்சு. எனக்கு ஒண்ணும் வராமப் பார்த்துக்குதாம். அஞ்சு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறவனுக்கு நேத்து வந்த பொண்ணு அபயம் குடுக்குது. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். இல்லைன்னு படியில நின்னுதான் சொன்னேன்.

கம்மிட்டியில என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. செய்முறையில ஏதாவது மாத்தினீங்களான்னு. இல்லைங்கன்னேன். ரெண்டு நிமிசம்கூட ஆகலை. பெனிட்டாவை மட்டும் ரெண்டு மணி நேரம் உள்ள வச்சிருந்தாங்க. அதுக்கு ரப்பர் கையுறை ஒத்துக்காது, கையெல்லாம் தடிச்சுப் போயிரும். வேற ஒரு மெல்லிசுக் கையுறை போட்டுக்கும், அனுமதி வாங்கித்தான். அதைப் புடிச்சுக்கிட்டாங்க. கை வேர்வை வில்லைக்குப் போயிருச்சு, வேர்வையில உப்பு, அதான் சோடியம். முடிஞ்சுது. கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்டு எழுதிட்டாங்க. ஒப்பந்த வேலைதானே அதுக்கு, டிசம்பரோட புதுப்பிக்கலை. மேஜையைக் காலி பண்ணும்போது என் ரூமுக்கு வந்து, வரேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போச்சு. முகத்துல கோபம்கூட இல்லை. அதான் எனக்கு வெளங்கலை. கோபம் இல்லாத பொண்ணு விழாவுக்கு ஏன் வரலை?

இப்ப ஊர்ல ஒரு காலேஜ்ல மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்குதாம். வேற ஆராய்ச்சிக்கூடத்துக்கு ரெண்டு எடம் எழுதிப் போட்டிருக்கு. ரெண்டு எடத்துலயும் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டாங்க. டிரைவர் ஒருத்தரு போன்ல சொன்னாரு. கேட்டதும் சங்கடமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் தம்பி, அப்ப எனக்கு எதுவும் தெரியாது, அதை மறந்துராதீங்க. எனக்குத் தெரிஞ்சது போன மாசம்தான்.

எம் மக பூனாவுல இருக்கறா. ரெண்டாவது பிரசவம். பூங்கொடி கெளம்பிப் போயிட்டா. அரிசி டப்பா எங்க, அடுப்பு எப்படின்னு எல்லாம் காட்டிக் குடுத்துட்டுத்தான் போனா. கல்யாணமாகி முப்பத்தொரு வருசத்துல நான் அடுப்பு பத்த வச்சதில்லை. பெருமைக்குச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன். மொத நாள் வடிச்சேன். கஞ்சி நல்லாத்தான் வந்துச்சு, வெள்ளையா. டம்ளர்ல ஊத்திக் குடிச்சா, சப்புனு இருக்குது. ஏதோ நோயாளிக்குக் குடுக்கற மாதிரி. சோறும் அப்படித்தான். ரேசன் அரிசி மாத்திக் குடுத்துட்டானோன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளும் அதே. மூணாம் நாள் போன் போட்டேன், அரிசி சரியில்லை பூங்கொடின்னு.

"ஒலையில உப்பு போட்டீங்களா?"ங்கறா.

சோத்துக்கு எதுக்குடி உப்புன்னேன்.

"நல்லாருக்கு. வந்த நாள்லேருந்து உப்பு போட்டுத்தான் வடிக்கறேன். உங்க அம்மா சொல்லிக் குடுத்தது. ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கம்மி. அது இல்லாமத்தான் இத்தனை வருசம் பாட்டிலைக் காலி பண்ணிக்கிட்டு வந்தீங்களா?"

குடிக்கும்போது தெரியலையான்னு நீங்க கேக்கப் போறீங்க. எம் மகளும் அதையேதான் கேட்டா. தெரியலை தம்பி. கஞ்சின்னா அந்த ருசிதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பொறந்ததுலேருந்து அதுதானே குடிக்கறேன். கல்லுக்குள்ள லட்சத்துல ஒரு பங்கு சோடியம் இருந்தாலும் காட்டிக் குடுக்கற மெசினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, கையில இருந்த பாட்டில்ல இருக்கற உப்பை நான் கண்டுபிடிக்கலை. போனை வச்சுட்டு அப்படியே சமையக்கட்டுத் தரையில உக்காந்துட்டேன். தான் சாப்பிடற சோத்துல என்ன போடறாங்கன்னுகூடத் தெரியாம ஒரு ஆளு முப்பது வருசம் இருந்திருக்கானே.

சரி, அதான் சதானந்தா சாருக்கு இந்தக் கடுதாசி. பொட்டி இன்னும் கெளம்பலை, மூணு மாசம் இருக்குது. கெளம்பினாலும் பொட்டியைத் தொட வேண்டியதில்லை, கணக்கு இங்க கம்ப்யூட்டர்லதான் இருக்குது. அந்தப் பன்னெண்டு வில்லையைக் கழிச்சுட்டா எல்லாம் சரியாயிரும். நானே இங்கிலீஷ்ல எழுதினேன். நாலு தாள் கிழிச்சேன். வெளிச்சத்துல புடிங்க, படிச்சுக் காட்டறேன். தமிழ்லயே அர்த்தம் சொல்லிட்டு வரேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, பச்சைக் கல் வில்லைகள் பன்னிரண்டில் காணப்பட்ட கூடுதல் சோடியத்துக்கான காரணம் தெரியவந்துள்ளது. பிடிமானப் பொருள் கையிருப்பு இல்லாத நிலையில் அரிசிக் கஞ்சி பயன்படுத்த நேர்ந்தது. மேற்படி கஞ்சியில் என் மனைவி எனக்குத் தெரிவிக்காமல் உப்பு சேர்த்திருந்தது அண்மையில் தெரியவந்தது. ஆகவே அந்தப் பன்னிரண்டையும் கணக்கிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு."

எப்படி இருக்குது? ஏன் சிரிக்கறீங்க? பூங்கொடி சொல்லலைதானே? நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?

என்ன கேட்டீங்க? அந்தப் பொண்ணு பேரா?

இருக்கும், பாருங்க. மொத வரியில... இல்லையா? நாலு தடவை எழுதினேனே. மொதத் தாள்ல எழுதியிருந்தேனோ என்னமோ. இல்லை. அந்தத் தாள்லயும் இல்லை.

அவங்க படிச்சவங்க தம்பி, புரிஞ்சுக்குவாங்க. உப்பு கஞ்சியில இருந்துச்சுன்னா, கையில இல்லைன்னுதானே அர்த்தம்? சொல்லணுமா அதை?

சொல்லணும். நீங்க சொல்றது சரி. அந்த ரிப்போர்ட்டுல கவனக்குறைவுன்னு அது பேரைப் போட்டுத்தான் எழுதியிருக்காங்க. பேரைப் போட்டு எழுதினதைப் பேரைப் போட்டுத்தான் அழிக்கணும். நீங்க இன்சூரன்ஸ்ல இருக்கீங்கன்னு சொன்னீங்க இல்லை? ஒரு தாளைப் பார்த்ததும் எதை விட்டிருக்கான்னு பாக்கறீங்க.

பேனா இருக்குங்களா? குடுங்க. எங்க எழுதறது, எடமே விடலையே நான். கையெழுத்து தாளோட அடியிலயே வந்திருச்சு. இந்த வரியை அடிச்சா எடம் வரும். என் மனைவி எனக்குத் தெரிவிக்காமல்னு இருக்கே, இதை. இது போனா ஒண்ணும் குறையாது. உப்பு யாரு போட்டா என்ன, ஊத்தினது நான். அடிச்சுட்டேன். அந்தக் கோட்டுக்கு மேலயே எழுதிர்றேன், பொடியா. கொஞ்சம் இருங்க, இங்கிலீஷ்ல வார்த்தை சேர்க்கணும்.

இந்தாங்க. படிச்சுப் பாருங்க. சரி, நானே சொல்றேன். "தவறு டாக்டர் பெனிட்டாவுடையது அல்ல. அவர் என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் இல்லை என்றேன்."

எழுத்து கோணலாப் போயிருக்குது. வண்டி ஆடுச்சுன்னு சொல்லலாம்னா, வண்டி ஒரு மணி நேரமா நின்ன எடத்துலதான் நிக்குது.